சூது துகில், இரண்டாம் பாகம்

2006-இல் திண்டிவனத்துக்கு இரண்டு வாக்குறுதிகள் வந்து சேர்ந்தன. கோட்டையில் புதிதாக உட்கார்ந்த ஆட்சி, வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி என்றது. டெல்லியில் 2006-07 ரயில்வே பட்ஜெட், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய ரயில் பாதை என்றது. டிவி வந்துவிட்டது. ரேஷன் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கழனி வரப்பில் நடந்து போனார்கள். ரயில் இன்னும் வரவில்லை. மொத்தமே சுமார் 70 கிலோமீட்டர்தான். செஞ்சிக்காரர் இன்றைக்கும் திண்டிவனம் மேம்பாலத்தடியில் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்.

ஊரை வெளியே கூட்டிப்போகிற வண்டிக்கு என்ன அவசரம், ஊரை வீட்டுக்குள் உட்காரவைக்கிற பெட்டி போதும் என்று எந்த அதிகாரியும் கோப்பில் எழுதியிருக்க மாட்டார். எழுதியிருந்தாலும் இதே லட்சணத்தில்தான் நடந்திருக்கும். 2011-இல் ஆட்சி மாறியது. வந்தவர்கள் அரசு கேபிளைத் தூசி தட்டி எடுத்து மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கொடியும் கரைவேட்டியும் மாறின. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஜனங்கள் எங்கே இருக்கவேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கழகத்துக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

பெட்டி வந்து இறங்கிய இடம் சாதாரண இடமில்லை. பாத்திரங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசிப் பழகிய மண் இது. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதி அம்மனுக்குத் தாய்வீடு என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. விக்கிரவாண்டி, மயிலம், ஒலக்கூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தர்மராஜா கோயில், ஒரு திரௌபதி அம்மன் கோயில். கோடை வந்தால் கொடியேற்றம். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம். கர்ணன் செஞ்சது ஞாயமா, குந்தி அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா என்ன, பெண்டாட்டியை வெச்சிச் சூதாடினவனுக்கு எதுக்குத் தர்மராஜான்னு பேரு என்று விடிய விடியப் பார்த்ததை மறுநாள் மல்லாட்டைக் கழனியில் களையெடுத்துக்கொண்டே பிரித்து மேய்வார்கள். வியாசர் தருமனுக்குச் சலுகை காட்டியிருக்கலாம். களையெடுக்கும் பெண்கள் காட்டியதில்லை.

அந்தக் கூத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சூது துகில் அன்று அவிழ்ந்த கூந்தலைப் படுகளத்தன்று முடிந்தாகவேண்டும். மண்ணில் துரியோதனனை நெடுக்கப் படுக்கவைத்து, தொடையைப் பிளந்து, அந்த ரத்தத்தைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிவாள். அப்புறம் தீமிதி. பத்து நாளோ பதினெட்டு நாளோ, ஊருக்கு ஊர் கணக்கு மாறும். முடிச்சு மாறாது.

சென்னையில் ஏசி அறையில் சீரியல் கதை பேசுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் கட்டுப்படியாகவில்லை. கூந்தலை முடிந்தால் கதை முடிந்தது. கதை முடிந்தால் ஒன்பது மணி ஸ்லாட் போய்விடும். ஆகவே பாரதத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்தார்கள்: துகிலை உரிந்துகொண்டே இருப்பது, கூந்தலை முடியவே விடாதது. திங்கள் முதல் சனி வரை சபையில் நிறுத்தி இழுப்பார்கள். கண்ணன் வருவான், புடவை நீளப்போகிற நேரத்தில் சோப்பு விளம்பரம் வந்துவிடும். தப்பித்தவறி என்றைக்காவது ஒரு நாள் அவள் கூந்தலை அள்ளி முடிந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ‘பாகம் இரண்டு’ என்று பலகை மாட்டி மறுபடி அவிழ்ப்பார்கள்.

எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சீரழிந்து வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சன் டிவியில் 2002 முதல் 2005 வரை திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ 811 எபிசோடு ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம், சம்பந்தி வீட்டு வாசலில் தயங்கி நிற்பதுதான் அதில் சஸ்பென்ஸ். மருமகன் மாணிக்கத்தின் அம்மாவுக்கு விஷம் கலக்கத் தெரியாது, ஆள் வைத்துக் கடத்தத் தெரியாது. சோற்றுத் தட்டை வைக்கும்போது ஒரு சொல் சொல்வாள், அது போதும். அப்படிப்பட்ட அம்மாக்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்ததால் யாரும் அவளை வில்லி என்று சொல்லவில்லை. ‘எங்க மாமியாரு’ என்றார்கள். குறையில்லாத தொடரா? இல்லை. பொறுத்துப்போ என்பதே அதன் முதல் பாடமாகவும் கடைசிப் பாடமாகவும் இருந்தது. ஆனால் அந்த அழுகையில் ஒரு நேர்மை இருந்தது. 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது, முதல் தடவை அதைப் பாவாடை சட்டையோடு பார்த்தவர்கள் இடுப்பில் குழந்தையோடு பார்த்தார்கள், அப்போதும் நின்றது.

அதே திருமுருகனின் ‘நாதஸ்வரம்’ 2014 மார்ச்சில் ஆயிரமாவது எபிசோடை ஒரே ஷாட்டில் நேரலையாக எடுத்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. காரைக்குடியில் அத்தனை நடிகர்களையும் ஒரே மூச்சில் ஓடவைக்கத் தனிக் கெட்டிக்காரத்தனம் வேண்டும். இனி அடுத்த படியைப் பாருங்கள். 2019 மே மாதம், அவருடைய ‘கல்யாண வீடு’. அக்காள் தங்கைக்குள் பகை. ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டு வன்புணர்வு செய்ய ஆள் ஏற்பாடு செய்கிறாள், கடைசியில் அது அவளுக்கே நடக்கிறது. வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில். ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம் 2.5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, செப்டம்பரில் ஆறு நாள் மன்னிப்பு வாசகம் ஓட்டச் சொன்னது. இரண்டரை லட்சம்! சன் குழுமத்தில் அதை டீ, பன் கணக்கில் எழுதி முடித்திருப்பார்கள். மெட்டி ஒலியில் சோற்றுத் தட்டோடு வந்த ஒரு சொல்லால் ஊரை அழவைத்த கை அது. பதினேழு வருஷத்தில் அந்தக் கைக்கு ஒரு பெண்ணை அழவைக்க இது தேவைப்பட்டிருக்கிறது என்றால், நடுவில் என்ன நடந்தது?

நடுவில் நடந்தது டிஆர்பி. நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. மீட்டர் பொருத்தியிருப்பது ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில். அந்த மீட்டர் வாராவாரம் வியாழக்கிழமை ஒரு எண்ணைத் துப்பும். எண் இறங்கினால் வெள்ளிக்கிழமை கதையில் ஒருத்தி கர்ப்பமாவாள். மேலும் இறங்கினால் கர்ப்பம் கலையும். அதற்கும் அசையாவிட்டால் ‘மகா சங்கமம்’: இந்தக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு அந்தக் குடும்பம் வந்து ஒரு மணி நேரம் சேர்ந்து அழும். மல்லாட்டை விலை இறங்கினால் விவசாயி வயலில் எதையும் மாற்ற முடியாது, மூட்டையை விற்றுவிட்டு வரவேண்டியதுதான். சீரியல்காரருக்குக் கருப்பை ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

‘கோலங்கள்’ விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. திருச்செல்வம் இயக்கியது. 2003 நவம்பரில் தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2009 டிசம்பரில் 1,533-ஆவது எபிசோடோடு அது முடிந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்தது. தேவயானி நடித்த அபி கட்டடத் தொழிலில் நின்றாள், புருஷனை விட்டு வந்தாள், ஆனாலும் தலை குனியவில்லை. சித்தாள் வேலைக்குத் தினமும் ரயிலேறும் பெண்களுக்குக் கட்டடம் என்றால் கல்லும் கலவையும்தான். அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெண் முதலாளி என்று ராத்திரி ஒன்பது மணிக்குக் காட்டியது சின்ன விஷயமில்லை. கெடுத்தது ஆதி. அவன் வில்லத்தனத்துக்கு ருசி கண்டபிறகு அபி தொழில் செய்வதை விட்டுவிட்டு அவனிடம் தப்பிப்பதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டாள். கடைசி இரண்டு மூன்று வருஷத்தில் அவள் எத்தனை சதுர அடி கட்டினாள் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் திருச்செல்வம்தான் 2022 பிப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ கொண்டுவந்தார். அதைப் பற்றிய சரியான விமர்சனத்தைக் கேட்கவேண்டுமானால் ஒலக்கூர் பக்கம் ஏதாவது ஒரு ஏரிக்கரைக்குப் போகவேண்டும். நூறு நாள் வேலையில் காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. இரண்டு போட்டோவுக்கும் நடுவே, கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வேலமர நிழலில் உட்கார்ந்தால், தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காத பாடம் ஓடும்.

“செத்தாரே, அந்த குணசேகரன் பேசினா பயமாவும் இருக்கும், சிரிப்பும் வரும். அப்பறம் வந்தவரு பேசினா பயம் மட்டுந்தான் வருது. சிரிப்பு வரலைன்னா எதுக்குடி பாக்கணும்?”

“ஏன் ஆயா, நம்மள மிதிக்கிறவனப் பாத்து நமக்கெதுக்குச் சிரிப்பு வரணும்?”

“வருதே. வூட்டுல ஒருத்தன் இருந்தானே, நாப்பது வருஷம். சிரிக்காம எப்பிடி ஓட்டறது?”

இந்த மூன்று வரியைத் தாண்டி எந்த விமர்சகரும் எதிர்நீச்சலைப் பற்றி எழுதிவிடவில்லை. தேனிப் பக்கத்து ஜி. மாரிமுத்து, ஆதி குணசேகரனாக வந்து சிரிப்பும் பயமும் சரிபாதியாகக் கலந்து கொடுத்தார். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்துபோக, அந்த நாற்காலியில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்து உட்கார்ந்தார். வேல ராமமூர்த்தி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் முகத்தில் கொலை இருக்கிறது, கோமாளித்தனம் இல்லை. குணசேகரனுக்கு இரண்டும் வேண்டும். அந்த ஆளை மனுஷனாகக் காட்டியதுதான் தொடரின் பெரிய பலம்.

அதுவே அதன் பெரிய பாவமும்கூட. படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் பூட்டுகிறவன் அவன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நாலு பேர் அங்கே வெந்துகொண்டிருக்க, ஊரில் ஆம்பளைகள் எடுத்துக்கொண்டது என்ன? “இந்தாம்மா ஏய்.” ரீல்ஸ் போட்டார்கள், மீம் போட்டார்கள், பெண்டாட்டியைக் கூப்பிட்டார்கள். நந்தினியின் நாக்கை எத்தனை பேர் ரீல்ஸ் போட்டார்கள்? ஈஸ்வரியின் மௌனத்துக்கு மீம் உண்டா? கண்டிக்க எடுத்தேன் என்று இயக்குநர் சொல்லலாம். துரியோதனன் வேஷக்காரனுக்கு எவ்வளவு கைதட்டல் விழுந்தாலும் பதினெட்டாம் நாள் அவன் மண்ணில் படுத்தாகவேண்டும் என்று கூத்து வாத்தியாருக்குத் தெரியும். 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்தது. அந்த டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று வந்துவிட்டது. நீந்திக் கரையேறியவர்களைத் தலையைப் பிடித்து மறுபடி தண்ணீரில் அமுக்குவதற்கு நம் சேனல்கள் வைத்திருக்கும் பெயர் இரண்டாம் சீசன்.

விஜய் டிவி இந்தத் தொழிலில் இன்னும் சுத்தம். ‘சரவணன் மீனாட்சி’ மூன்று சீசன் ஓடியது. சரவணன் வேறு, மீனாட்சி வேறு, ஊர் வேறு, கதை வேறு. பெயர்ப்பலகை மட்டும் பழசு. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2023 அக்டோபர் 28 அன்று முடிந்தது, 30-ஆம் தேதி வேறு குடும்பத்தோடு இரண்டாம் பாகம் தொடங்கியது. இடையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையைக் காலி செய்து, வெள்ளையடித்து, புது ஆளைக் கல்லாவில் உட்காரவைக்க அது போதுமாம். முதல் பாகத்தில் மளிகைக் கடை நன்றாகவே இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் கொழுந்தன்களை வளர்ப்பதற்காகத் தனக்குப் பிள்ளையே வேண்டாம் என்று இருந்த தனம் அண்ணியைத் தெய்வமாக்கினார்கள் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. தெய்வமாக்கிவிட்டால் சம்பளம் தரவேண்டியதில்லை.

‘பாரதி கண்ணம்மா’வின் நாயகன் பாரதி ஒரு டாக்டர். பிள்ளை தன்னுடையதா என்று சந்தேகம். ஒரு டிஎன்ஏ சோதனை எடுத்தால் தீர்ந்தது. வருஷக்கணக்கில் எடுக்கவில்லை. கண்ணம்மா வயிற்றுப் பிள்ளையோடு தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள், நடந்தாள், தமிழ்நாட்டின் அத்தனை கைப்பேசிகளிலும் கேலிப்பொருளாக நடந்தாள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு நிற்கிற சனம்கூட ஒரு ரிசல்ட்டுக்கு அவ்வளவு காலம் காத்திருக்காது. அமெரிக்காவில் ‘டல்லாஸ்’ என்றொரு தொடர், செத்துப்போன பாபியை 1986-இல் குளியலறையிலிருந்து உயிரோடு வரவழைத்து, முந்தைய சீசன் முழுவதும் கனவு என்று சொன்னது. அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி சீசனைத் திரும்ப எடு என்று 2019-இல் 15 லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குக் கெட்டுப்போனது ஆறே எபிசோடு. நம் சனம் அந்தக் கணக்கில் மனுப்போட ஆரம்பித்தால் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளை நடத்த முடியாது.

‘பாக்கியலட்சுமி’யில்தான் எனக்கு இந்தச் சனத்தோடும் சண்டை. வங்காளத்து ‘ஸ்ரீமோயி’யிலிருந்து கிளம்பி, இந்தியில் ‘அனுபமா’, தெலுங்கில் ‘இன்டின்டி கிருஹலட்சுமி’, மலையாளத்தில் ‘குடும்பவிளக்கு’ என்று ஒரே கண்ணீரை வேறு வேறு சொம்பில் ஊற்றிய கதை. இங்கிலீஷ் தெரியாத பாக்கியா, சமையலைத் தொழிலாக்கி நிற்கிறாள். அவளை ஏமாற்றிவிட்டு ராதிகாவைக் கட்டிக்கொண்ட கோபி மாட்டிக்கொண்டு முழிக்கிறான். சதீஷ்குமார் நன்றாக முழித்தார். முழிக்க முழிக்க ‘கோபி பாவம்’ என்று ஒரு கட்சி கிளம்பியது. அந்தக் கட்சியில் பெண்கள்தான் அதிகம். ஏமாற்றியவனுக்கு நெஞ்சு வலி வந்தால் ஏமாந்தவளே காப்பாற்றி வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று எழுதிய கை ஒரு பக்கம். ‘ஆயிரம் இருந்தாலும் புருசன்’ என்று திண்டிவனம் ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன வாய் இன்னொரு பக்கம். தருமனை ஒரு நாளும் மன்னிக்காத பரம்பரையம்மா நீங்கள்! கோபிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் தாராளம்? அஞ்சு வருஷம் தினமும் ராத்திரி ஒருவனைக் குளோசப்பில் காட்டினால் சொந்தக்காரனாகிவிடுகிறான், அந்தச் சூட்சுமம் சேனலுக்குத் தெரியும்.

குளோசப்பில் வராதவை எவை என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம். விழுப்புரத்துக்குப் பக்கத்து மேல்பாதியில் ஒரு தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். பட்டியல் சாதியினர் உள்ளே வரக்கூடாது என்று தகராறாகி, 2023 ஜூன் 7 அன்று அதிகாரிகள் பூட்டிச் சீல் வைத்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு, போலீஸ் காவலோடு அந்த மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று. சபையில் அவமானப்பட்டவளின் கோயிலிலேயே சபை நடத்தி வாசலில் நிறுத்தினார்கள். அந்த 2023-இல் தமிழ்நாடே உட்கார்ந்து பேசியது குணசேகரன் வீட்டுச் சண்டையை. எந்தச் சீரியல் குடும்பத்துக்காவது சாதி உண்டா? ‘நல்ல குடும்பம்’, ‘நம்ம அந்தஸ்து’ என்று பேசுவார்கள், பூஜை அறையும் கொண்டாட்டமும் மீசையும் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். காலனி என்று ஒரு இடம் அந்த ஊர்களில் கிடையவே கிடையாது. சீரியல் கதாநாயகி காதலித்தால் தடுப்பது அந்தஸ்து. விழுப்புரத்தில் காதலித்தால் தடுப்பது எது என்று ஒலக்கூர் ஏரிக்கரையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், போட்டோ பிடிக்கும் பொறுப்பாளர் உட்பட.

மழையும் அப்படித்தான். சீரியலில் மழை, மருமகள் பெட்டியோடு வெளியேறும்போது மட்டும் பெய்யும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அரசூர் பக்கம் தென்பெண்ணை நெடுஞ்சாலைக்கு ஏறி வந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டுத் தண்ணீர் போனதால் ரயில்கள் நின்றன. ஆடு மாடு போயிற்று, நெல் போயிற்று, இலவச டிவியும் போயிற்று. கரண்ட் வந்ததும் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தால், அங்கே கோடி ரூபாய்ச் சொத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நிவாரணம் 2,000 ரூபாய் அறிவித்திருந்த வாரம் அது.

இனி, ‘இந்தப் பொம்பளைங்களுக்கு வேற வேலை இல்ல’ என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லும் பெரிய மனிதர்களிடம் வருகிறேன். ஐயா, நீங்கள் 2025 முழுவதும் பார்த்தது எந்தச் சீரியல்? திண்டிவனத்தை அடுத்த தைலாபுரம் தோட்டம். 2024 டிசம்பர் 28, பட்டானூர் பாமக பொதுக்குழு மேடையில் மருத்துவர் ராமதாஸ் பேரனுக்கு இளைஞரணிப் பதவி கொடுக்க, மகன் அன்புமணி மேடையிலேயே எதிர்த்து, பனையூரில் தனி அலுவலகம் என்று அறிவித்தார். ஏப்ரலில் அப்பா, இனி நானே தலைவர் என்றார். ஜூலையில், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்ததாகச் சொன்னார். ஆகஸ்டில் மகனுக்கு ஒரு பொதுக்குழு, அப்பாவுக்கு ஒரு பொதுக்குழு. செப்டம்பரில் மகனைக் கட்சியிலிருந்தே நீக்கினார். செய்தி சேனல்கள் அதே வயலினைப் போட்டன, அதே மாதிரி முகத்தை மூன்று தடவை காட்டின, ‘அடுத்து என்ன?’ என்று தொடரும் போட்டன. நீங்களும் வாயில் பஜ்ஜியோடு, அப்பா சரியா மகன் சரியா என்று அணி பிரிந்தீர்கள். வன்னியர்களுக்கான 10.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டை 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, அந்த எபிசோடுக்கு அடுத்தது என்ன என்று எந்தக் கடையில் எத்தனை பேர் கேட்டீர்கள்? திண்டிவனம்–திருவண்ணாமலைப் பாதையில் தேர்தலுக்குத் தேர்தல் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று அட்டை போட்டு ஆள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, அதில் யார் நடிப்பு பரவாயில்லை? ஏரிக்கரைப் பெண்கள் குணசேகரனையாவது திட்டுகிறார்கள். நீங்கள் உங்கள் குணசேகரனுக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறீர்கள்.

முடிக்கத் தெரியாதவர்களா நாம் என்றால் அதுவும் இல்லை. 2023 ஜனவரியில் ஜீ5-இல் முத்துக்குமார் இயக்கிய ‘அயலி’ வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை, வயசுக்கு வந்தால் படிப்பு முடிந்தது என்ற கட்டுப்பாடு, அதை ஏய்க்கும் தமிழ்ச்செல்வி. எட்டே எபிசோடு. யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை, யாருக்கும் நினைவு தப்பவில்லை. சாமி, சாதிப் பெருமை, பெண்பிள்ளை உடம்பு மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும் முடிச்சை அந்தப் பெண் அவிழ்த்தாள், கதை நின்றது. விளம்பரதாரருக்கு அதில் நஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு நாள் விற்கவேண்டிய பெண்ணை எட்டு எபிசோடில் விடுதலை செய்துவிட்டால் சோப்பை யாரிடம் விற்பது?

திண்டிவனம் மேம்பாலத்தடியில் பூக்கட்டும் ஓர் அக்காவிடம், எதிர்நீச்சல் எப்படித்தான் முடியணும் என்று கேட்டேன். நாரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“நாலு பொம்பளைங்க பொட்டியத் தூக்கினு வெளிய வர்றதத்தான் ரெண்டு பாகமாக் காட்டினுகிறானுங்க. அவளுங்க எதுக்கு வெளிய வரணும்? தாலுக்கா ஆபீசுல போயி வூடு யாரு பேர்ல கீதுன்னு பட்டாவப் பாக்கச் சொல்லு. அத்தினி வருசம் சோறு வடிச்சிருக்காளுங்க, பங்கு எழுதி வாங்கச் சொல்லு. பொட்டிய அவன் கட்டட்டும். முழம் முப்பது, உனக்கு எத்தினி முழம்?”